உன் குளியலறையில் என் அளவு

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. உங்களுக்கென்ன, நன்றாகத்தான் இருப்பீர்கள். குளியலறைச் சுவரில் பளபளவென்று ஸ்டீல் கைப்பிடியாம். உட்கார்ந்து குளிக்க நாற்காலியாம். கால் வைத்தால் தானாக எரியும் விளக்காம். எல்லாம் என் மகன் செலவில்.

நீ சொல்லி எனக்குத் தெரியவில்லை. நேற்று அவன் போனில் வாய் தவறிச் சொன்னான். "சித்தி வீட்டு வேலை முடிஞ்சுதும்மா." என்ன வேலைடா என்றேன். "ஒண்ணுமில்லம்மா, விடு." விடுவேனா? ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டேன்.

வருடக் கடைசியில் இங்கே வந்து போனான். பெற்றவளிடம் நாலு வார்த்தை பேசாமல், நான் டீ போடும் நேரத்தில் என் தையல் வெட்டுமேசையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். விற்கப் பார்க்கிறானோ என்று நினைத்தேன். அங்கே உனக்கு அரண்மனை கட்டிக்கொண்டிருந்தது அப்போது தெரியாது.

போனில் கேட்டால் நீ அழுதுவிடுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பதில் எழுத்தில் வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறதே.

உன் அக்கா

ஜனவரி 25

என் அருமை அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, அதுவும் கடைக்காரன் ஏமாற்று வேலை என்று வைத்திருக்கிறாயா?

நீ கேள்விப்பட்டது உண்மைதான். நானே எழுத இருந்தேன். நம்ம பிள்ளை இரண்டு நாள் லீவு போட்டு வந்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கினான். கைப்பிடி ஒன்று குளிக்கிற இடத்தில், இன்னொன்று கழிவறையில். கீழே ரப்பர் விரிப்பு. நாற்காலிக்கு முதுகு சாய்க்கப் பலகை வேறு. விளக்கைப் பற்றி மட்டும் தனிக் கடிதம் எழுதலாம். முதல் நாள் இவர் உள்ளே போனதும் அது பட்டென்று எரிந்ததா, "யாரு உள்ள?" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். இப்போது துண்டு போட அந்தக் கைப்பிடிதான் அவருக்கு.

எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். "சித்தி, அதெல்லாம் நீங்க கேக்கக்கூடாது" என்றுவிட்டான். நானும் கேட்கவில்லை. கொடுக்கிற பிள்ளையைத் தடுப்பானேன்?

உனக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இவர் சொன்னார். நான்தான், "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றேன். சரிதானே?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

பிப்ரவரி 3

தங்கைக்கு அக்கா எழுதுவது.

இடுப்பு இடுப்பாகவே இருக்கிறது. நீ சுகம் என்று படித்தேன். கடிதம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறாய்.

முதலில் ஒன்று. 'நம்ம பிள்ளை' இல்லை. என் பிள்ளை. பள்ளிக்கூட லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தான், நீ பொரித்துப் போட்டாய், தின்றான். அதற்காகப் பங்கு வராது.

எனக்குப் பிடிக்காது என்று சொன்னாயாமே. நான் சொன்னது அதுவல்ல. போன வருடம் வாசற்படியில் கால் பிசகியபோது ஓடி வந்தான். கைப்பிடி வைக்கிறேன், நாற்காலி வாங்குகிறேன் என்றான். யார் பணம் என்றேன். "என் பணம்மா, வேற யாரு?" என்றான். வேண்டாம் என்றேன். அதற்கு, "இன்னொரு தடவை விழுந்தா உன்னய என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். பத்தாவது மாடி, லிஃப்ட் இருக்கு" என்று மிரட்டினான். பத்தாவது மாடியில் நான் என்ன, துணி காயப்போட்ட மாதிரி தொங்கவா?

உனக்குத் தெரியாததில்லை. தைக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய சட்டையைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எழுதப் படிக்கவும் துணி சுற்றி வந்த காகிதத்தில்தான். இந்த வீட்டில் ஒரு செங்கல் இன்னொருவர் வாங்கிக்கொடுத்தது கிடையாது. இத்தனை வயதுக்கு மேல் சுவரில் ஒரு திருகாணி மட்டும் பிள்ளை காசிலா?

அவன் மறுபடி கேட்டிருக்கலாம். ஒரு தடவை வேண்டாம் என்றால் உடனே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதா? வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நீயும் நிற்கிறாய்.

கைப்பிடி எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கோபமும் நலம் என்று கடிதத்தைப் பிரித்ததும் தெரிந்தது. சந்தோஷம்.

கைப்பிடி இடது பக்கம். கொஞ்சம் உயரம்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு போவது மாதிரி தொங்கிப் பிடிக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. ஆட்டிக்கொண்டே குளிக்கிறேன். இவர் கதவுக்கு வெளியிலிருந்து, "என்ன, ஊஞ்சலா?" என்று கேட்கிறார். ஆனாலும் அக்கா, சோப்புப் போட்ட காலோடு எழுந்திருக்கும்போது கைக்கு ஒன்று அகப்படுகிறது பார், அந்தத் தெம்பே தனி. உனக்கெல்லாம் அது வேண்டியிருக்காது.

எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

குளியலறையில் பார்த்து நட.

தங்கை

மார்ச் 1

தங்கைக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிவை: பெற்ற பிள்ளைதான் செய்திருக்கிறது, பெற்றது வேறு ஆள்.

உன் வீட்டில் அளவெடுத்தவனுக்குக் கண் இருந்ததா? நீ என் தோளுக்கு வருவாய். உனக்குத் தொங்கிப் பிடிக்கிற உயரத்தில் கைப்பிடியா? அதுவும் இடது பக்கம். நீ வலது கைக்காரி. சின்ன வயதில் என் இடது கையைப் பார்த்து நொட்டாங்கை என்று கேலி செய்தவள். நாற்காலியில் கால் தொங்குகிறதாம். என் கடையில் இப்படித் தைத்துக் கொடுத்திருந்தால் வாடிக்கைக்காரி துணியை என் முகத்தில் எறிந்திருப்பாள். காசை வாரிக் கொடுத்திருக்கிறான், அளவு பார்க்கத் தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உன் அளவு எனக்குத் தெரியாததா?

எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று நானே பார்க்க வேண்டும். தரையிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரு நூல் பிடித்து முடிச்சுப் போடு. நாற்காலிக்கு வேறு நிறத்தில் ஒரு நூல். இரண்டையும் கடிதத்தில் வைத்து அனுப்பு. இழுத்துப் பிடிக்காதே. நூலை இழுத்தால் பொய் சொல்லும்.

அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

இருவரும் நலம். நீ கேட்டபடி நூல் வைத்திருக்கிறேன். சிவப்பு கைப்பிடிக்கு, வெள்ளை நாற்காலிக்கு. இழுக்கவில்லை.

உயரத்தைப் பற்றி நான் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பழகிவிட்டது. இப்போது இவரைக் கூப்பிடாமலே குளித்துவிட்டு வருகிறேன்.

நூலைப் பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுது. திட்டுவதானாலும் சரி. ஆனால் எழுது.

தங்கை

ஏப்ரல் 20

தங்கைக்கு,

நலம். நலமா?

எழுத்துக் கோணலாக இருக்கும். பேனா சரியில்லை. தாமதத்துக்கும் அதுதான் காரணம்.

நூல் வந்தது.

அந்த விளக்கு, கால் வைத்தால் எரிவது, அது கடையில் கிடைக்குமா? எனக்கு இல்லை, கீழ்வீட்டு நர்ஸ் கேட்கிறாள்.

என் மகனிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ விழுந்திருக்கிறாய்.

பேனாமேல் பழி போடாதே. அது உன் வலது கை எழுத்து. ஐம்பது வருடமாக உன் எழுத்து ஊசி குத்தின மாதிரி இடது பக்கம் சாயும். இது எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கிறது. இடது கை என்ன ஆயிற்று? உடைந்துவிட்டதா? அவன் போன் செய்தால் ஆமாம், இல்லை என்று வைத்துவிடுகிறாயாம். "சித்தி, அம்மா எதையோ மறைக்கிறாங்க" என்று இங்கே வந்து உட்கார்ந்திருந்தான். உன் கடிதம் சமையலறையில் இருந்தது. காட்டவில்லை. நீ அந்தப் பத்தாவது மாடிக்குப் போக மாட்டாய், போனால் உயிரோடு இருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

இனி நானும் மறைக்கவில்லை. இந்தச் சாமான் ஒன்றுகூட எனக்கு வாங்கியதில்லை. எல்லாம் உனக்கு. நீ வாங்க மாட்டாய் என்று அவன் என்னிடம் வந்து நின்றான். நான்தான் யோசனை சொன்னேன். சின்ன வயதிலிருந்து என் கையில் இருந்தால்தான் எதுவும் உனக்கு வேண்டும். ரிப்பன், குடை, பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டிவரைக்கும். "என் வீட்டுல மாட்டு, நாலு கடிதாசுல அவளே கேப்பா, கழட்டிக் கொண்டுபோய் மாட்டிடலாம்" என்றேன். அவன் போனில் வாய் தவறியதுகூட நான் சொல்லிக்கொடுத்ததுதான். டீச்சரம்மா என்று ஒருத்தியும் கிடையாது. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

நீ நாலு கடிதம் எழுதினாய். கேட்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் விழுந்துவிட்டாய்.

எழுது. எந்தக் கையாலாவது எழுது.

தங்கை

மே 8

தங்கைக்கு அக்கா எழுதுவது.

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. மற்றபடி இருக்கிறேன். நர்ஸ்தான் அழைத்துக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பெரிய ரகசியம் உடைத்துவிட்டதாக நினைக்காதே. நூல் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். கோணலாக மாட்டிய உன் வேலைக்காரனை நாலு வார்த்தை திட்டலாம் என்று சிவப்பு நூலை எடுத்தேன். வெட்டுமேசை பக்கத்தில் தொங்கவிட்டேன். முடிச்சு மேசை விளிம்பில் வந்து நின்றது. வெள்ளை நூலைத் தையல் ஸ்டூலுக்குப் பிடித்தேன். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் உடம்புக்கு என்று நான் சொல்லிச் செய்த மேசையும் ஸ்டூலும் உன் குளியலறையில் எப்படி வந்தன? அவன் டேப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உடனே எழுதியிருப்பேன். கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அதற்கு முன் சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று நூலோடு குளியலறைக்குப் போனேன். இடது பக்கச் சுவரில் பிடித்தேன். கைப்பிடி இங்கே வரும், நாற்காலி இங்கே வரும், விளக்கு மேலே. நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தரை ஈரம். கால் போய்விட்டது. கை நேராக முடிச்சு இருந்த இடத்துக்குப் போனது. அளவு சரியாகத்தான் இருந்தது. பிடிக்க அங்கே நூல் மட்டும்தான் இருந்தது.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கு வாங்கினதில் இவ்வளவு மாதம் நீ குளித்திருக்கிறாய். என் நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு. என் கைப்பிடியில் உன் வீட்டுக்காரர் துண்டு. அவனும் நீயும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிச் சிரித்திருப்பீர்கள். என்னோடு அவன் அப்படி உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று?

கேட்டுக்கொள். என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி அளவுக்கு வெட்டிய துணியை இன்னொருத்திக்குக் கொடுக்க மாட்டேன். காசு யார் கொடுத்திருந்தாலும் சரி. அளவு என்னுடையது, ஆகவே சாமானும் என்னுடையது. அவனிடம் நான் வாங்கவில்லை. என்னுடையது உன் வீட்டில் இருக்கிறது, கொடுத்தனுப்பு என்கிறேன். மாட்டுகிற கூலி நான் தருவேன். கட்டுப் போட்டதை அவன் இங்கே வந்து பார்க்கட்டும். பார்க்கும்போது சுவரில் கைப்பிடி இருக்கட்டும். அப்புறம் பத்தாவது மாடி பற்றிப் பேசச் சொல்.

அக்கா

ஜூன் 10

அன்பு அக்காவுக்கு,

கட்டுப் பிரித்தார்களா? விரலை மடக்க முடிகிறதா?

நேற்று அவன் வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிக்கொண்டான். சுவரில் ஓட்டை தெரியாமல் பூசிக் கொடுத்தான். நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. துண்டு போட இடம் போய்விட்டது என்று இவர் புலம்புகிறார். இனிமேல் குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுத்தான் பேப்பர் படிக்கப்போகிறாராம். அங்கேதான் காற்று வருகிறதாம். எனக்கும் அவ்வளவாக வேர்ப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தால் போதும் என்று இருக்கிறேன்.

புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நட. சும்மா வீறாப்புக்கு விட்டுவிடாதே.

தங்கை

ஜூலை 2

தங்கைக்கு அக்கா எழுதுவது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

கைப்பிடி மாட்டியாயிற்று. வந்த அன்று என் கையில் கட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. "என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்றான். சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பாய் என்றேன். அவன் குளியலறைக்குள் போய் ஒவ்வொரு கைப்பிடியிலும் தொங்கிப் பார்த்தான். இரண்டு நாள் தங்கினான். தங்கிய இரண்டு நாளும், "சித்தி வீட்ல இப்படி, சித்தி வீட்ல அப்படி" என்றுதான் பேச்சு. கடைசியில் சொல்கிறான், "கழட்டும்போது சித்தி அந்தக் கைப்பிடியத் தடவிப் பாத்துக்கிட்டே நின்னாங்கம்மா. உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரேன்னேன். வேணாம்ப்பா, உன் அம்மாவுக்கே நிறைய ஆயிடுச்சுன்னுட்டாங்க." அதைச் சொல்லும்போது அவன் குரல் இருந்ததே, என்னைப் பற்றி உன்னிடம் சொல்லும்போது அப்படி இருந்திருக்குமா? நீ உண்மை சொல்ல மாட்டாய். விடு.

மறுப்பது என் வேலை. அதை நீ எப்போது கற்றுக்கொண்டாய்?

கதவுக்கு வெளியே காற்று வருகிறதாம். அந்த நடையில் ஜன்னலே கிடையாது, எனக்குத் தெரியாதா? நீ உள்ளே விழுந்தால் தூக்குவதற்கு அந்த மனுஷர் காவல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கே எழுந்திருக்க ஆள் வேண்டும். வேர்க்கவில்லையாம். பிறந்ததிலிருந்து இரண்டு வேளை குளிக்கிறவளுக்கு வேர்க்கவில்லையாம்.

உனக்குச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டேன். இரண்டு கைப்பிடி, வலது பக்கம். நாற்காலி, உன் கால் தரையில் படும்படி. நூல் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. என் பழைய சட்டைகளை உனக்குப் பிடித்துத் தைத்துத் தைத்து உன் அளவு என் கையில் இருக்கிறது. கடைக்காரனுக்கு மேசையில் கை வைத்துக் காட்டினேன். விளக்கும் உண்டு, உன் வீட்டுக்காரர் இன்னொரு தடவை ஓடட்டும். அடுத்த வாரம் ஆள் வந்து மாட்டுவான். கூலி கொடுத்தாயிற்று. நீ கொடுத்தால் வாங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பணம் ஏது என்று கேட்பாய். என் கடைசிக் காரியத்துக்கு ஒருத்தரும் கையை விட்டுச் செலவு செய்யக்கூடாது என்று தனியாகப் போட்டு வைத்திருந்தேன் அல்லவா, அது. அவனிடமும் சொல்லிவிட்டேன். "டேய், எனக்குன்னு வெச்சிருந்தது தீந்துபோச்சு. அன்னைக்குச் செலவு உன்னோடதுதான்." "சரிம்மா" என்றான், பரிசு கிடைத்த பையன் மாதிரி. செய்யட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் இருக்க மாட்டேன்.

அவன் உன் வீட்டில் மாட்டியது என் அளவு. நான் அனுப்புவது உன் அளவு. உனக்கு அதிகம் செய்தது யார் என்று அடுத்த தடவை போனில் அவனிடம் நீயே சொல். அவன் என் பக்கத்தில் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்.

மாட்டியதும் நூல் பிடித்துப் பார். மயிரிழை தவறியிருந்தால் எழுது. தவறியிருக்காது.

தினமும் குளி.

உன் அக்கா,
இடது கையால்